பயிற்சிக்கு ஒரு பெயர்

தலைநகரிலிருந்து கிளம்பிய சுற்றறிக்கை ஒன்று, வழியில் மூன்று அலுவலகங்களின் மேசைகளில் இளைப்பாறிவிட்டு, பத்தொன்பதாம் நாள் ஆய்வாளர் இருதயராஜின் காவல் நிலையத்தை அடைந்தது. பெயர் அனுப்பக் கடைசித் தேதி இருபதாம் நாள்.

குழந்தைச் சாட்சிகளிடம் விசாரிப்பது எப்படி என்று ஹைதராபாத்தில் இரண்டு வாரப் பயிற்சி. பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் மத்திய நிதியில். நிலையத்துக்கு ஒருவர் மட்டும்.

இருதயராஜ் படிவத்தில் ஒரு பெயரை எழுதினார். கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் காலை, ஜீப்பைக் காவலர் பயிற்சிப் பள்ளிக்கு விடச் சொன்னார்.

அங்கே வாரம் இரண்டு நாள் மங்கையர்க்கரசி வகுப்பெடுத்தார். துணைக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். இருதயராஜ் உதவி ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்த நிலையத்தில் அப்போது ஆய்வாளர் அவர்தான். இருதயராஜுக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. இன்னும் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவார்.

வகுப்பு முடிந்து அறை காலியாக இருந்தது. மங்கையர்க்கரசி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“யாரு செத்தா?”

“யாரும் சாகல. பயிற்சிக்கு ஆள் அனுப்பணும்.”

“அதுக்கா இவ்வளவு தூரம் டீசல் எரிச்சே? கொடு.”

படிவத்தை வாங்கிக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு படித்தார்.

“பொன்னுரங்கம். யாரு இது?”

“ஏட்டு. தங்கமான மனுஷன்.”

“ரிட்டயர்மென்ட் எப்போ?”

“ஜூன்ல.”

அப்போது பிப்ரவரி நடந்துகொண்டிருந்தது.

“அவர் பொண்ணு ஹைதராபாத்துலதான் இருக்கு. பார்த்துட்டு வந்த மாதிரியும் ஆச்சு” என்றார் இருதயராஜ்.

“மத்திய நிதிக்கு இதைவிட நல்ல செலவு கிடைக்காது. உன் ஸ்டேஷன்ல குழந்தைங்களை யாரு விசாரிக்கிறா?”

“எஸ்.ஐ. ஷர்மிளா பானு.”

“அவளை அனுப்பேன்.”

“அவ போயிட்டா ஸ்டேஷன் படுத்துடும்மா. கோர்ட்டு, பந்தோபஸ்து, பெட்டிஷன், எல்லாம் அவ தலையிலதான் ஓடுது. பொன்னுரங்கம் ரெண்டு வாரம் இல்லைன்னா ஒண்ணும் ஆகாது. டீ ஒண்ணு குறைச்சு வாங்கணும், அவ்வளவுதான்.”

“பின்னே என்ன சந்தேகம்?”

இருதயராஜ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“சர்க்குலரைப் பார்த்துட்டு நேத்து அவளே வந்து கேட்டா. நான் போகட்டுமா சார்னு. ஆறு வருஷத்துல லீவுகூட அவ வாயைத் திறந்து கேட்டதில்ல.”

மங்கையர்க்கரசி படிவத்தை மேசைமேல் வைத்தார். அறையின் மூலையில் குழந்தைகள் உட்காரும் சிறிய நாற்காலி ஒன்று இருந்தது. பாடம் நடத்துவதற்காக வாங்கியது. அதை நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால்கள் நெஞ்சுவரை வந்தன.

“எனக்கு ஏழு வயசு. இன்னிக்குக் காலையில நான் என்ன சாப்பிட்டேன்னு விசாரி.”

“அம்மா, அஞ்சு மணிக்குள்ள நான் பேரை அனுப்பணும்.”

“அப்போ சீக்கிரம் விசாரி.”

இருதயராஜ் எதிரே நின்று குரலைக் கனிவாக்கிக்கொண்டார்.

“பாப்பா, காலையில இட்லிதானே சாப்பிட்டே?”

“ஆமா.”

“சட்னி தொட்டுக்கிட்டியா?”

“ஆமா.”

“தேங்காய்ச் சட்னியா?”

“ஆமா.”

“மூணு இட்லி இருக்குமா?”

“ஆமா.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருதயராஜ் சிரித்தார். “முடிஞ்சது. எழுதிடலாம்.”

“இன்னிக்கு என்ன கிழமை?”

“வெள்ளி.”

சொல்லி முடிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் மதியம்வரை மங்கையர்க்கரசி பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்கமாட்டார். அவர் வேலை பார்த்த நிலையத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

“பின்னே ஏன் ஆமான்னு சொன்னீங்க?”

“உனக்கு அதுதான் வேணும்னு தெரிஞ்சுது.”

இருதயராஜின் சிரிப்பு நின்றது.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தன் வீட்டு மாடிப்படியின் கீழே செத்துக் கிடந்தாள். பார்த்தது அவளுடைய ஏழு வயது மகள் மட்டும். விசாரித்தது உதவி ஆய்வாளர் இருதயராஜ். அப்பாதானே தள்ளினார், அம்மா கத்தினாங்கதானே என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமா என்றாள். ஒரு மணி நேரத்தில் அடித்தல் திருத்தல் இல்லாத வாக்குமூலம் தயாரானது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அதே கனிவோடு, அம்மா தானாகத்தானே விழுந்தாங்க என்று கேட்டார். அதற்கும் ஆமா என்றாள். பயிற்றுவிக்கப்பட்ட சாட்சி என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். யோசித்தால், அந்த வழக்கில் பயிற்சி பெற்றிருந்தவள் அவள் ஒருத்திதான்.

அப்பா விடுதலையானார். மகளை அழைத்துக்கொண்டு போனார்.

“கோர்ட்டு வாசல்ல அந்தப் பொண்ணு உன்கிட்ட என்ன கேட்டா?”

“உங்களுக்குத்தான் தெரியுமே.”

“சொல்லு.”

“எல்லாம் சரியாச் சொன்னேனா சார்னு கேட்டா.”

“நீ?”

“தலையாட்டினேன்.”

வெளியே மைதானத்தில் யாரோ கவாத்துக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“அது என் தப்புதாம்மா. இத்தனை வருஷத்துல ஒருநாளும் இல்லைன்னு சொன்னதில்ல.”

மங்கையர்க்கரசி நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். மேசைமேல் இருந்த பழைய சட்டப் புத்தகத்தின் பின்னட்டையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். பிரித்து, புதிய படிவத்தின் பக்கத்தில் வைத்தார்.

அதுவும் ஒரு படிவம். குழந்தைச் சாட்சிகள், பெங்களூர், பத்து நாள். அந்தக் கொலைக்கு நான்கு மாதம் முந்தைய தேதி. பெயர் எழுதும் இடத்தில் கோவிந்தன், ஏட்டு என்று இருந்தது.

“கோவிந்தன் ஏட்டு பெங்களூர் போயிட்டு வந்தது ஞாபகம் இருக்கு” என்றார் இருதயராஜ். “எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். அடுத்த மாசமே ரிட்டயர் ஆயிட்டார்.”

“மேலே பாரு.”

கோவிந்தன் பெயருக்கு மேலே இன்னொரு பெயர் எழுதி, ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தது. கோட்டுக்கு அடியில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. இருதயராஜ், உதவி ஆய்வாளர். கையெழுத்து மங்கையர்க்கரசியுடையது.

இருதயராஜ் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தார்.

“என் பேரை ஏம்மா அடிச்சீங்க?”

மங்கையர்க்கரசி கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ நல்லா வேலை செஞ்சே.”