எழும்ப மாட்டேன் என்றவர்

இந்தக் கதையில் கெட்டவர் ஒருவரும் இல்லை. மூன்று பேர் வருகிறார்கள், மூவரும் மரியாதை தெரிந்தவர்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். அதுவரை அவர்களுடைய கைகளைக் கவனித்து வாருங்கள்.

குணநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் அவர் மனைவி இராசமலர் படகேறித் திருச்சிக்கு வந்து சேர்ந்தாள். அவர் வடக்கே ஒரு குளிர் நாட்டுக்குப் போய், குளிர்க்கிடங்கில் மீன் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தார். அந்த நாட்டுக் குடியுரிமை அவருக்குக் கிடைத்தது. மனைவிக்கு விசா கிடைக்கவே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார், போவார். இருபது வருடம் அப்படியே போயிற்று.

ஒரு நாள் பெட்டி அடுக்கு அவர்மேல் சரிந்து முதுகெலும்பு நொறுங்கியது. அதன்பிறகு நாற்காலியை விட்டு எழவும், திரும்ப உட்காரவும் இன்னொருவர் இடுப்பைப் பிடிக்க வேண்டும். எழுப்பிவிட்டால் எதையாவது பற்றிக்கொண்டு நிற்பார். அவர் திருச்சிக்கே வந்துவிட்டார்.

"முதுகு போனால் போகட்டும். என்ரை மனுசன் வந்து சேர்ந்திட்டார்" என்று இராசமலர் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த நாட்டு அரசு ஓர் உதவித்தொகை தருகிறது. பிறர் உதவியின்றி எழுந்து நிற்க முடியாதவருக்கு, அவர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அது வரும். எழுந்து நிற்கக்கூடியவர் அங்கேயே குடியிருக்க வேண்டும். குணநாயகம் திருச்சியிலிருந்து விண்ணப்பித்தார். தொகை வந்தால் இருவரும் ஒரு வீட்டில் இருக்கலாம். வராவிட்டால் வைத்தியத்துக்கு வேறு வழியில்லை, அவர் தனியே திரும்ப வேண்டியதுதான். அவரை வீட்டில் வந்து பரிசோதிக்க, உள்ளூர் டாக்டர் சுகந்தியை அந்த அரசு நியமித்தது.

அன்று காலை அவரை நாற்காலியில் இருத்திவிட்டு இராசமலர் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, டொக்டர் வந்தால் எழும்பப்படாது."

"வீட்டுக்கு ஒருத்தர் வாறா. நான் மரக்குத்தி மாதிரி இருக்கிறதே?"

"இண்டைக்கு மட்டும் மரக்குத்தியா இருங்கோ. அந்தக் குளிருக்கை திரும்பவும் தனியப் போய்க் கிடக்கப் போறியளே?"

"சரி, சரி. உம்மாணை எழும்ப மாட்டன்" என்று அவர் சத்தியம் செய்தார்.

டாக்டர் வந்தார். வாசலில் குனிந்து செருப்பின் வாரைக் கழற்றினார். அந்த நேரத்தில் குணநாயகத்தின் வலக்கை, பக்கத்தில் நின்ற மனைவியை நோக்கித் தானாக நீண்டது. அந்தக் கை நீண்டால் அவள் கை அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கும். தினமும் அப்படித்தான். தூக்கிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. டாக்டர் நிமிர்ந்தபோது, அவர் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கோ டொக்டர்."

"அட, உட்காருங்க சார். எனக்காக எந்திரிக்கணுமா?"

வந்தவருக்கு ஒரு வாய் தேநீர் கொடுக்க வேண்டாமா? குணநாயகம் மனைவிக்குக் கண்ணால் அடுக்களையைக் காட்டினார். அவள் போனாள். அவரை உட்கார வைக்க அங்கே வேறு கை இல்லை.

சட்டைப் பொத்தான் போட முடியுமா, படியேற முடியுமா என்று டாக்டர் கேட்டார். "ஏலாது" என்று அவர் உள்ளதைச் சொன்னார். இடையில் இன்னும் இரண்டு முறை "உட்காருங்க சார்" என்றார் டாக்டர்.

"பரவாயில்லை. நீங்கள் இருங்கோ."

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது. அவர் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. 'பிறர் உதவியின்றி எழுந்து நிற்க முடியுமா?' என்ற படிவக் கேள்வி வந்தபோது டாக்டர் வாய்விட்டுக் கேட்கவில்லை. எதிரே நிற்கிற பெரிய மனிதரிடம் அதைக் கேட்பது அவமதிப்பாகப் பட்டது. 'முடியும்' என்று தாமே எழுதிக்கொண்டார்.

தேநீரோடு வந்த இராசமலர், இன்னும் நிற்கிற கணவரையும் மேசையில் வெளுத்துப்போன விரல்களையும் பார்த்தாள்.

"டொக்டர், இவரை நான்தான்..."

"மலர், டொக்டருக்குச் சீனி காணுமோ எண்டு கேளும்" என்றார் அவர். எழுந்து நின்று வரவேற்றதைப் பொய்யாக்கிவிடாதே என்ற கெஞ்சல் குரலில் இருந்தது.

அவள் சீனி காணுமா என்று கேட்டாள்.

"போதும்மா, டீ நல்லாருக்கு. சார் தைரியமா இருக்காரு. அதுவே பாதி குணம்."

வெளிக்கதவு சாத்தியதும் அவர் கால்கள் மடங்கின. இராசமலர் தாங்கிப் பிடித்து இருத்தினாள்.

"உம்மாணை எண்டு சொன்னியள்."

"நான் எங்கை எழும்பினனான்? நீரெல்லோ தூக்கினனீர்."

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

சில வாரங்களில் பதில் வந்தது. உதவியின்றி நிற்கிறார், ஆகவே இங்கே வந்து குடியிருந்தால் தொகை உண்டு; மறுபரிசோதனை வேண்டுமானால் அதையும் இங்கே நேரில் வந்துதான் கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது.

இப்போது சொல்லுங்கள். இந்தப் பிரிவுக்குக் காரணம் யார்? சத்தியம் செய்துவிட்டுக் கை நீட்டிய கணவரா? தூக்கியும் விட்டு, சொல்லவும் வாயெடுத்து, சீனி கேட்டு நிறுத்திக்கொண்ட மனைவியா? கண்ணால் கண்டதை எழுதிய டாக்டரா?

என் விடை, டாக்டர். அவர் பொய் எழுதவில்லை. ஆனால் மூன்று முறை உட்காரச் சொல்லியும், மின்விசிறியின் கீழ் வேர்த்துக்கொண்டு ஒரு முதுகு நோயாளி ஏன் உட்காரவில்லை என்று அவர் யோசிக்கவில்லை. நின்றதை எழுதினார், உட்காராததை எழுதவில்லை. இராசமலர் இந்த விடையை ஏற்க மாட்டாள். அவள் தன் கையைத்தான் குற்றம் சொல்கிறாள். அவர் புறப்பட்ட அன்று விமான நிலைய வாசலில் சக்கர நாற்காலியைத் தள்ளிப்போக ஒரு பையன் வந்தான். அவனைக் கண்டதும் குணநாயகத்தின் வலக்கை மறுபடியும் அவள் பக்கம் நீண்டது. இந்த முறை அவள் தூக்கவில்லை. நாற்காலி நகரும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.