திருப்பிச் சொன்ன உத்தரவு

பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு வலி நின்றுபோயிருந்தது. ஆஸ்பத்திரி முதலாளி டாக்டர் தில்லைநாயகம் கல்யாணப் பந்தியிலிருந்து போனில் அதட்டினார்: “வலி வர ஊசியை நீயே போடு. என்னால வர முடியாது.”

போனைப் பிடித்திருந்த நர்ஸ் எஸ்தர் யோசித்தாள். மறுத்தால் வேலை போகும், போட்டால் அந்தப் பெண்ணின் உயிரே போகலாம்.

போனில் வரும் உத்தரவைத் தவறு நேராமலிருக்க நர்ஸ் திருப்பிச் சொல்வது வழக்கம். எஸ்தர் கதவைத் திறந்து, வெளியே நின்ற அந்தப் பெண்ணின் புருஷன் காதில் விழும்படி சொன்னாள்: “டாக்டர் பார்க்காம இதைப் போடச் சட்டம் விடாது. இருந்தாலும் நான் போடணும். சரிதானே சார்?”

“டாக்டர் பார்க்கலையா?” என்று புருஷன் போட்ட சத்தம் போன் வழியாகப் பந்தி வரைக்கும் கேட்டது.

டாக்டர் பாயசத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது.

“உனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தது யாரு?” என்று உறுமினார்.

“நீங்கதான் சார். ஏதாவது ஆச்சுன்னா சட்டம் உன்னைத்தான் பிடிக்கும்னு சேர்ந்த அன்னைக்கே சொன்னீங்க. பயத்துல முழுசாப் படிச்சுட்டேன்.”