கோட்டுக்கு வெளியே இருப்பவன்

கபடி ஆட்டத்தில் ஆவுடைராஜாவின் முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தச் சத்தத்தில் மைதானத்து வேப்பமரத்துக் காக்கைகள் கலைந்து போய், அடுத்த பொங்கல்வரை திரும்பவில்லை. நம்பாதவர்கள் காக்கைகளையே கேட்டுக்கொள்ளலாம்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, விளையாட்டு விடுதியின் சிகிச்சை அறையில் பிலோமினாவிடம் தன் காலை ஒப்படைத்திருந்தான். ஆட்டக்காரர்களின் அறுந்த நாரையும் அறாத திமிரையும் சேர்த்தே பழக்கியெடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவர்.

அணி வெளியூருக்குப் போட்டிக்குப் போய்விட்டது. விடுதியில் மிச்சம் இவனும், சொட்டுகிற ஒரு குழாயும்தான். குழாயாவது பேசிக்கொண்டிருந்தது.

அன்று பிலோமினா முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். பனங்காய் போல வீங்கிச் சுட்டது.

"நான் சொன்ன பயிற்சி மட்டும்தான் செஞ்சீங்களா?"

"ஆமா மேடம்."

"கால் வேற மாதிரி சொல்லுதே."

அவன் சுவரைப் பார்த்தான். "விடியக்காலம் மைதானத்துக்குப் போனேன். சும்மா ஒரு தடவை, எதிராளி எல்லைக்குள்ள கபடி கபடின்னு பாடிப் போய்ப் பார்த்தேன்."

"எதிராளி யாரு?"

"யாருமில்ல."

எதிரொலிகூட இல்லை. அதுவும் அணியோடு வண்டியேறிப் போயிருந்தது.

"ஜெயிச்சீங்களா?" என்றார் பிலோமினா.



மேசைமேல் அவன் போன் அடித்தது. எட்டிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான்.

"யாரு?"

"கொண்டல்ராஜ். என் இடத்துல ஆடுறவன்."

"எடுக்கலாமே."

"தினமும் அடிக்கிறான் மேடம். அவன் பாயிண்ட் எடுத்த கதைய நான் உட்கார்ந்து கேட்கணுமா? இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கிடந்தா, என் பனியன்லயே அவன் பேரை அச்சடிச்சிருவாங்க. சொல்லுங்க, நான் எப்ப உள்ள வருவேன்?"

பிலோமினா ஐஸ் பையைத் துணியில் சுற்றி முழங்காலில் வைத்தார்.

"ஆட்டத்துல அவுட்டானா என்ன செய்வீங்க?"

"கோட்டுக்கு வெளிய போய் உட்காருவோம்."

"முகத்தைத் திருப்பிக்கிட்டா?"

"சேச்சே. உள்ள இருக்கிறவனுக்காகத் தொண்டை கிழியக் கத்துவோம்."

"பொறுக்க முடியாம நீங்களே எந்திரிச்சு உள்ள ஓடினா?"

"தப்பாட்டம். எதிராளிக்குப் பாயிண்ட்."

"ஓடினவருக்கு?"

அவன் முழங்காலைப் பார்த்தான். ஐஸ் உருகித் துணி நனைந்துகொண்டிருந்தது.

"பிறகு எப்படித்தான் உள்ள வர்றது?" என்றார் பிலோமினா.

"நம்மாளு ஒருத்தன் எதிராளியைத் தொட்டுட்டுத் திரும்பி வரணும். அவன் எடுக்கிற பாயிண்ட்லதான் நாம..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

குழாய் சொட்டியது. போன் மறுபடியும் அடித்தது.

பிலோமினா அதை நிமிர்த்தி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"தொட்டுட்டு வந்திருக்கார் போல," என்றார். "காலை மட்டும் அசைக்காதீங்க."