பழகுநர் அட்டை

பொன்னுரங்கத்துக்கு வயது ஐம்பத்தொன்று. முப்பது வருடம் தொழிலாளர் துறையில் எழுத்தராக இருந்துவிட்டு, இப்போதுதான் ஆய்வுக்கு வந்திருக்கிறார். அவருக்கு வேலை கற்றுத்தரும் ஆய்வாளர் மெஹருன்னிசாவுக்கு முப்பத்து மூன்று.

அன்று அவர்கள் ஒரு நூற்பாலையில் இருந்தார்கள். வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, ஒப்பந்தங்கள் எல்லாம் மேசைமேல் இருந்தன. அறுபத்திரண்டு பெண்களின் பெயருக்கு எதிரே 'பழகுநர்' என்று இருந்தது; அதாவது, இன்னும் பயிற்சியில் இருப்பவர்கள், முழுச் சம்பளம் கிடையாது.

பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"காகிதமெல்லாம் சரியா இருக்கு மேடம். இனி எதைப் பார்க்கறது?"

மெஹருன்னிசா பதிவேட்டை மூடினாள். எதிரே இருந்த ஆலை மேலாளரிடம் திரும்பினாள்.

"நான் அறுந்த நூலை ஒட்டக் கத்துக்கணும்."

மேலாளர் சிரித்தார். "உங்களுக்கு எதுக்கு மேடம்? கையெல்லாம் எண்ணெயாகும்."

"ஆகட்டும். இங்க நல்லாச் சொல்லித் தர்றவங்க யாரோ, அவங்களைக் கூப்பிடுங்க."

மேலாளர் நூற்புக் கூடத்துக்குள் அழைத்துப் போனார். பெருமையாகக் கையைத் தட்டினார்.

"புஷ்பம்! இங்க வாம்மா. புதுசா யார் வந்தாலும் இவகிட்டதான் மேடம் விடுவோம். இவ கைக்கு நூல் கட்டுப்படும்."

தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்த ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை தொங்கியது. அறுந்த நூலின் நுனியை எடுத்து மெஹருன்னிசாவின் விரலில் கொடுத்தாள்.

"இழுக்காதீங்க மேடம். பக்கத்துல கொண்டு போய்க் காட்டுங்க, போதும். அதுவே பிடிச்சுக்கும்."

மூன்று முறை அறுந்தது. நான்காவது முறை பிடித்தது.

"எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீங்க?"

"இருநூறு பேர் இருக்கும் மேடம். அந்த சூப்பர்வைசர் அண்ணனுக்கும் நான்தான்."

தள்ளி நின்ற சூப்பர்வைசர் வேறு பக்கம் பார்த்தார். மேலாளர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பொன்னுரங்கம் அட்டையைப் படித்தார். மரியபுஷ்பம். பழகுநர்.

"இது எத்தனாவது அட்டைம்மா?"

"மூணாவது சார். ஒண்ணு முடிஞ்சா மறுபடி பழகுநர்னே புதுசு குடுப்பாங்க. ஏழு வருஷமாச்சு."

"பயிற்சி முடிஞ்சா என்ன பண்ணுவ?"

"வெளிய வீடு எடுப்பேன் சார்." யோசிக்காமல் சொன்னாள். "பழகுநர்னா விடுதியிலதான் தங்கணும். அங்க பிள்ளைங்களைச் சேர்க்க மாட்டாங்க. எம் மக விளாத்திகுளத்துல அக்கா வீட்டுல இருக்கா. நாலு மணிக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் போகும். இந்த மெஷின் இரைச்சல்லயும் அது ஹாரன் எனக்குத் தனியாக் கேக்கும்."

"என்ன படிக்கிறா?"

"நாலாவது. போன் பண்ணும்போதெல்லாம் ஒண்ணேதான் கேப்பா. 'நானே மூணு கிளாஸ் பாஸாயிட்டேன், நீ இன்னும் பாஸாகலையாம்மா?'ன்னு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும் மேலாளர் தேநீர் வரவழைத்தார்.

"அவ இன்னும் கத்துக்கிட்டுதான் மேடம் இருக்கா. மாசத்துக்கு ஒரு புது மெஷின் வருது. கத்து முடிச்சவன்னு உலகத்துல யார் இருக்கா?"

மெஹருன்னிசா தலையசைத்தாள். பொன்னுரங்கத்துக்குக் குழப்பமாக இருந்தது. பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"அவர் சொல்றதும் நியாயமாத்தான் படுது மேடம். இந்த வயசுல நானே உங்ககிட்ட கத்துக்கிட்டுதான் இருக்கேன். பழகுநர், தொழிலாளி… கோட்டை எங்க போடறது?"

மெஹருன்னிசா தன் விரலில் இருந்த எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தாள்.

"வேலை முடிஞ்சதும் எங்க போவீங்க சார்?"

"வீட்டுக்குத்தான் மேடம்."

"அவங்களும் போகட்டும். தொழிலாளின்னு எழுதுங்க."