கூவுமலைக்குப் போன ஆறு பேர்

வேதகிரி, நல்லக்கண்ணு, சங்கிலி மூவருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இருந்ததை அவர்கள் செலவழித்ததே இல்லை. பசி மட்டும் ஆளுக்கொன்று தனித்தனியாக இருந்தது. சத்திரத்துக் கஞ்சி குடித்து நாக்கு செத்துப் போயிருந்த சமயத்தில்தான் ஜமீன்தார் கூப்பிட்டுவிட்டார்.

"கூவுமலை ஏதோ அதிசயமான ஊராமே. நல்லா சுத்திப் பாருங்க. பெரியவங்க வாயைக் கிளறுங்க. யார் முதல்ல எழுதிக் கொண்டாறாங்களோ, அவங்களுக்கு ஆயுசு பூரா அரண்மனைச் சாப்பாடு."

முதலில் ஆராய்ச்சி. அரண்மனையில் இருந்த பழைய ஏட்டில் கரையான் மிச்சம் வைத்தது, 'கூவுமலை என்பது' என்ற இரண்டே சொற்கள். அதை மூவரும் ஒரு மாதம் படித்தார்கள். சங்கிலிக்கு மட்டும் இரண்டாவது சொல் தங்கவில்லை.

பிறகு நேரில் போனார்கள். ஊரைச் சுற்றினார்கள். எல்லையோரமாக மூன்று நாள் சுற்றினார்கள்.

"உள்ள வாங்களேன்யா" என்றாள் ஆடு மேய்த்த ஒருத்தி.

"சுத்திப் பாக்கத்தாம்மா உத்தரவு" என்றான் வேதகிரி.

நான்காம் நாள் ஒரு கிழவர் அகப்பட்டார். சங்கிலி அகப்பைக் காம்பால் அவர் வாயைக் கிளறினான். உள்ளே இரண்டு பல் இருந்தது. நல்லக்கண்ணு அதையும் எழுதிக்கொண்டான்.

கிழவர் துப்பிவிட்டு, "போய் அந்த மலையைக் கேளுங்கடா, அதுதான் உங்களுக்குப் பொறுமையா பதில் சொல்லும்" என்று கையைக் காட்டினார்.

மலையடிவாரத்தில் நின்று வேதகிரி மரியாதையாகக் கூவினான். "யாருங்க அங்க?"

"யாருங்க அங்க?" என்றது மலை.

"நாங்க மூணு பேரு!"

"நாங்க மூணு பேரு!"

"ஊரைப் பத்தி எழுத வந்திருக்கோம்!"

"ஊரைப் பத்தி எழுத வந்திருக்கோம்!"

மூவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. போட்டிக்கு ஆள் வந்திருக்கிறது. அரண்மனைச் சாப்பாடு கை நழுவப் பார்க்கிறது.

"பயமுறுத்தி வைப்போம்" என்று மற்ற இருவரிடம் சொல்லிவிட்டு, சங்கிலி மலையைப் பார்த்துக் கூவினான். "நாங்க எழுதி முடிச்சாச்சு!"

"நாங்க எழுதி முடிச்சாச்சு!"

நல்லக்கண்ணு அழுதேவிட்டான். "நம்ம ஏட்டுல ரெண்டு பல்லுதான இருக்கு!"

வேதகிரி பெரிய மனது பண்ணினான். "சண்டை வேண்டாம், ஒண்ணா போவோமா?" என்று கூவினான். மலையும் அப்படியே கேட்டது. "சரி" என்றான். மலையும் "சரி" என்றது. நல்ல மனிதர்கள் என்று மூவருக்கும் சந்தோஷம். அந்த வழியாகப் போன வண்டிக்காரனிடம், அரண்மனையில் ஆறு இலை போடச் சொல்லி அனுப்பினார்கள்.

"கீழ வாங்க!" என்று கூவிவிட்டு உட்கார்ந்தார்கள். "கீழ வாங்க!" என்று பதில் வந்தது. நாங்கள் கீழேதானே இருக்கிறோம் என்று விளக்கினார்கள். அவர்களும் அதையே விளக்கினார்கள். எட்டு நாள் இப்படியே போயிற்று.

ஆறு இலையும் காய்ந்துபோன ஆத்திரத்தில் ஜமீன்தாரே குதிரையேறி வந்து இறங்கினார். நடந்ததைக் கேட்டார். மீசை துடித்தது.

"அட முட்டாப் பயல்களா!"

"அட முட்டாப் பயல்களா!" என்றது மலை.

வேதகிரி எழுந்து கைகட்டி, தணிந்த குரலில் சொன்னான்: "ஐயா, அவங்க ஜமீன்தாரும் வந்துட்டாரு. இனிமே நீங்க ரெண்டு பேருமா பேசித் தீத்துக்குங்க."