ஆமை முட்டையும் தங்கப்பழத்தின் கையும்

"கையைச் சும்மா வச்சிருக்கத் தெரியாதவன்..." அப்படின்னு எங்க பெரியம்மா என்னவோ ஒண்ணு சொல்லும். மீதி மறந்துபோச்சு. போகட்டும். ஒரு ஊர்ல ஒரு கோழிக்காரன் இருந்தான், பேரு தங்கப்பழம். கோழியைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஆனா தெரியாதுங்கிற வார்த்தை மட்டும் அவன் வாயில வராது. கேக்குறியா கண்ணு?

ம்.

அப்போ ஊர்க்குளத்தைத் தூர்வார மிஷின் வந்துச்சு, கடகடகடன்னு. கரையில ஆமை முட்டை புதைச்சு வச்சிருந்துச்சு. விட்டா கூழாயிடும். தங்கப்பழம் அத்தனையையும் துண்டுல அள்ளிட்டு வந்தான். நல்ல காரியந்தான். அதோட விட்டானா? டீக்கடையில நின்னு, "எத்தனை கோழிக்குஞ்சு பொரிச்ச கை இது. இதையும் பொரிச்சுக் குளத்துல விடலைன்னா மீசையை எடுத்துடுறேன்"னான்.

முட்டையை மூணு பங்கா வச்சான். முதப் பங்கு அடைக்கோழிக்கு அடியில. கோழி தன் முட்டைன்னு நெனச்சு மூக்கால உருட்டு உருட்டுன்னு உருட்டுச்சு. அப்புறம் ஒருநாள் குப்புன்னு நாத்தம். எல்லாம் கூமுட்டை.

ம்.

"கோழி சரியில்லை"ன்னான். அவனா சரியில்லாம போவான்? ரெண்டாம் பங்கை மண்ணு போட்ட பெட்டியில அடுப்புக்குப் பக்கத்துல வச்சான். காலையில ஒரு புரட்டு, சாயந்தரம் ஒரு புரட்டு. அதுவும் குப்புன்னு நாறிப்போச்சு. டீக்கடையில, "என்னவே, உம்ம ஆமை எப்ப கொக்கரக்கோன்னு கூவும்?"னு கேட்டாங்க.

மிச்சம் ஒரே பங்கு. அதையும் அதே பெட்டியில வச்சுப் புரட்டப் போனான். பொண்டாட்டி பேச்சி கையைப் பிடிச்சா.

"ஏங்க, ஆமை மண்ணை மூடிட்டுப் போனா, திரும்பி வந்து புரட்டுதா?"

"இல்ல."

"கெட்டதை உடைச்சுப் பார்த்தேன். குஞ்சு மேல் ஓட்டுல ஒட்டிக்கிட்டே செத்திருக்கு. கவுத்துப் போட்டா பொழைக்குமா?"

கோழிமேல பழி போட்டோமே, கொன்னது நம்ம கெட்டிக்காரத்தனந்தான்னு தங்கப்பழத்துக்குப் பட்டுச்சு. பெட்டியை மூடினான். கையை முன்னால கட்டினான், அப்புறம் பின்னால கட்டினான். வெரலு நமநமன்னுச்சு. மெல்ல மூடியைத் தொறந்தான்.

"சும்மா பாக்கத்தான்."

"கண்ணால பாக்குறதுக்கு வெரலு எதுக்கு நீளுது?"ன்னா பேச்சி.

ம்...

ஆமை தலையை இழுத்துக்குதே, அதுமாதிரி நீயும் போர்வைக்குள்ள போ. கதை அவ்வளவுதான். தங்கப்பழம் பெட்டியைப் பேச்சிகிட்ட விட்டுட்டு, குஞ்சு வெளிய வர்ற வரைக்கும்னு அன்னைக்கே மாமியார் ஊருக்கு பஸ் ஏறிட்டான்.