வளை நெல்லைத் தொடாதே!

ஆற்றங்கரைப் புளியந்தோப்பில் ஒரே ஆரவாரம்! கொண்டையன் என்ற குரங்கு புளியங்கொட்டைகளை அள்ளிக் கையை மூடிக்கொண்டது. "ஒத்தையா, ரெட்டையா? சரியாச் சொன்னா வச்சதுக்கு ரெண்டு மடங்கு!" என்று கூவியது. யாராவது பதில் சொன்னதும், ராசிக்காகக் கையை வாயருகே கொண்டுபோய் 'பூ' என்று ஊதிவிட்டுத்தான் திறக்கும்.

முத்தன் என்ற வயல் எலி முதல் ஆட்டத்தில் ஜெயித்தது. அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை! பிறகு தோல்விமேல் தோல்வி. மழைக்காலத்துக்காக வளையில் சேர்த்த நெற்கதிர்களை இழுத்து இழுத்து வந்து பந்தயம் வைத்தது. வளை பாதி காலி!

அதன் மனைவி சிட்டாள், யானை ராஜாவிடம் ஓடியது. "மகாராஜா! மேகம் கறுக்குது. குட்டிகளுக்கு நான் எதைக் கொடுப்பேன்?" என்று கதறியது.

யானை தோப்புக்கு விரைந்தது.

"என் நெல், என் இஷ்டம்! ராஜாவுக்கு இதுல என்ன வேலை?" என்று சீறியது முத்தன்.

"உன் நெல்லா? பாதி நான் சுமந்ததாச்சே!" என்றது சிட்டாள்.

யானை பிளிறியது. "ஆட வேண்டாம்னு சொல்லலே. ஒரு நாளைக்கு ஒரே ஒரு கதிர்! அது போனா வீட்டுக்குப் போகணும். வளை நெல்லைத் தொடக் கூடாது. இது சட்டம்!"

முத்தன் முணுமுணுத்ததோடு சரி. கொண்டையன்தான் குதிகுதியென்று குதித்தது. "அநியாயம்! பாவம், எலியோட உரிமை போச்சே!"

வாயைப் பிளந்து அலறியதில், கன்னத்தில் அதக்கியிருந்த புளியங்கொட்டை ஒன்று துள்ளிக் கீழே விழுந்தது!

தோப்பே திகைத்தது. ஊதுகிற சாக்கில் ஒரு கொட்டையை வாய்க்குள் தள்ளினால், ஒற்றை இரட்டையாகிவிடும், இரட்டை ஒற்றையாகிவிடும்!

"அடப்பாவி! எனக்காக அழுறேன்னு நினைச்சேனே!" என்றது முத்தன்.

யானை துதிக்கையை ஓங்கியது. கொண்டையன் மரத்துக்கு மரம் தாவி ஓட்டம் பிடித்தது. எல்லாரும் சேர்ந்து, அது ஏமாற்றிப் பறித்த கதிர்களை வளைக்கு இழுத்தார்கள்.

முத்தன் மெல்லத் தலையைச் சொறிந்தது. "குரங்குதான் போயிடுச்சே... சட்டத்தையும் எடுத்துடலாமா, மகாராஜா?"

"நாளைக்கு நரி வரும்! சட்டம் இருக்கட்டும்!" என்றது யானை. சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

குடும்பத்தின் சோற்றைப் பந்தயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை. அந்த உரிமைக்காகச் சூதாட்டம் நடத்துகிறவனே அழுதால், முதலில் அவன் கன்னத்தைப் பாருங்கள்.